காட்டாத கார்டு

அத்தியாயம் பதினான்கு

காலை ஆறு பத்துக்குத் தையல்காரம்மாவின் கைபேசி ஒரு முறை துடித்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் அவள் இஸ்திரிப் பெட்டியின் பொத்தானை அழுத்துவது வழக்கம். இன்று பார்த்தாள், அழுத்தவில்லை.

'ஐந்து மணிக்கு நிர்வாகம் என்ன முடிவு சொல்லப்போகிறது என்று அறியக் காத்திருக்கிறேன். - நேர்தையல்.'

மூன்றரை வருடமாக ஆறு பத்துக்கு இந்த நேர்தையல் எதையாவது எழுதிவிடுவாள். படித்தால் தையல்காரம்மாவுக்கு உயிர் வந்துவிடும். ராத்திரி தூங்கியிருக்கிறாள், முழங்கால் பரவாயில்லை, மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துவிட்டாள், வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. இத்தனையும் ஒரு வரியில் தெரிந்துவிடுமே! மூன்று வாரத்துக்கு முன் இரண்டு நாள் சேர்ந்தாற்போல ஒன்றும் வரவில்லை. அந்த இரண்டு நாளில் கடையில் மூன்று காற்சட்டைகள் கருகின.

நேர்தையல் யார் என்பது இதை விடாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும். இடையில் ஓரிரு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்தவர்களுக்காக: அவள் தையல்காரம்மாவின் கூடப்பிறந்த அக்கா. முப்பத்தொரு வருடம் அறுவை அரங்கில் நர்ஸாக நின்று, எத்தனையோ டாக்டர்களின் தையலைப் பார்த்து முகம் சுளித்து, ஓய்வு பெற்றவள். அந்த ஓய்வு விருந்துக்குத் தங்கை ஆசை ஆசையாக ஒரு கோட்டுத் தைத்துக் கொடுத்தாள். அக்கா போட்டுப் பார்த்தாள். கை மடிப்பைத் திருப்பினாள். பத்துப் பேர் நடுவில், "இது பிரிஞ்சிடும்" என்றாள்.

தங்கை சும்மா இருந்திருக்கலாம். இருந்தாளா? "உன் வீட்ல குறை சொல்றதுக்கு ஆளில்ல. அதான் எங்க வீட்டைத் தேடி வர்றே" என்றாள். தனியாக இருக்கிறவளிடம் சொல்கிற பேச்சா அது? அக்கா கோட்டைக் கழற்றி, ஓரம் பார்த்து மடித்து, நாற்காலியில் வைத்துவிட்டுக் கிளம்பினாள். இரண்டு பஸ் மாறினால் வந்துவிடுகிற தூரம்தான். நான்கு வருடமாகப் பஸ் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

ஆனால் ஆறே மாதத்தில், தங்கை நடத்தும் 'கிழிந்தால் என்ன' என்ற இணையக் குழுவில் புதிதாக ஒரு உறுப்பினர் சேர்ந்தார். பெயர் நேர்தையல். முகம் இருக்க வேண்டிய இடத்தில், அறுவை அரங்கில் கருவி ஏந்துகிற வளைந்த எஃகுத் தட்டு ஒன்றின் படம். கிழிந்த துணியைத் தைத்துப் படம் போட்டு ஒருவரையொருவர் தட்டிக்கொடுக்கிற குழு அது. நேர்தையலின் முதல் கருத்து, 'இது தையலா, இல்லை காயமே இப்படித்தானா?' தங்கைக்கு அந்த நொடியே ஆள் தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டது என்று அக்காவுக்கும் தெரியும். அன்றிலிருந்து ஒருத்தி 'நிர்வாகி அவர்களுக்கு' என்பாள், மற்றவள் 'மதிப்பிற்குரிய உறுப்பினருக்கு' என்பாள். வயசான பெண்கள் ஆடுகிற விளையாட்டா என்று கேட்டால், இருவருக்குமே பேச வேறு வழி இல்லை.

அந்த ஒரே வழியைத்தான் இன்று மாலை ஐந்து மணிக்கு அடைக்க வேண்டும்.

*

"அம்மா, எண்ணிப் பாத்தியா?"

மகள் ஓட்டப்பயிற்சி முடித்து வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தாள். பெண்கள் கால்பந்தாட்டத்துக்கு நடுவர். குளியலறைக்குப் போகும்போதுகூட விசிலைக் கழுத்திலிருந்து கழற்றாததால் வீட்டில் அவள் பெயரே விசில்தான்.

"எதை எண்ணணும்?"

"நடிக்காதம்மா. பெரியம்மாவோடதை."

தையல்காரம்மா வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டாள். பதில் சொல்லப் பிடிக்காதபோது அவளுக்கு ஊசி உதவும்.

போன வாரம் நடந்தது இதுதான். குழுவில் ஒன்பதாயிரம் பேர் சேர்ந்துவிட்டார்கள். யார் வாய்த்துடுக்காகப் பேசினாலும் தையல்காரம்மா அன்றைக்கு இருக்கிற மனநிலைக்கு ஏற்பத் தண்டனை கொடுத்துவந்தாள். ஒருவருக்கு மூன்று நாள், இன்னொருவருக்கு ஒரு மாதம், சிலருக்கு முறைப்பு மட்டும். 'பொத்தான்' என்ற பெயரில் எழுதும் ஒருவரை ஒரே ஒரு வரிக்காக நிரந்தரமாக நீக்கினாள். விசிலுக்குப் பொறுக்கவில்லை. உட்கார்ந்து ஒரு பட்டியல் எழுதினாள். முதல் முறை எச்சரிக்கை. இரண்டாம் முறை ஏழு நாள் எழுத முடியாது. மூன்றாம் முறை முப்பது நாள். நான்காம் முறை வெளியே. யாராக இருந்தாலும் இதே.

தையல்காரம்மாவும் தலையாட்டினாள். ஆட்டியதோடு நிற்காமல், பழைய ஆட்கள் தப்பித்துவிடக் கூடாதே என்று, 'இதுவரை கொடுத்த எச்சரிக்கைகளும் சேரும்' என்று தன் கையாலேயே கடைசி வரியைச் சேர்த்தாள். எல்லாம் அவள் செய்துகொண்டதுதான்.

முந்தாநாள் ஓர் அப்பா தன் பெண்ணின் புத்தகப்பையைத் தைத்து முதன்முதலாகப் படம் போட்டார். கொஞ்சம் கோணல்தான். ஆனால் தையலுக்குப் பக்கத்தில் அந்தக் குழந்தை ஒரு பூ வரைந்திருந்தது. அதன் கீழே நேர்தையல் எழுதினாள்: 'இந்தத் தையலோடு வார்டுக்கு அனுப்பினால் நோயாளி லிஃப்டிலேயே பிரிந்துவிடுவார்.' நாற்பது பேர் சிரித்தார்கள். அந்த அப்பா படத்தை நீக்கிவிட்டார். அதன் பிறகு அவர் பேச்சே இல்லை.

பொத்தான் சும்மா இருப்பாரா? நண்பர் ஒருவர் வழியாகக் கேட்டார்: 'நான் ஒரு தடவை சொன்னேன், துரத்தினீர்கள். நேர்தையல் மூன்றரை வருடமாகச் சொல்கிறார். அவர் நிர்வாகிக்கு உறவா?' இருநூற்றுப் பதினான்கு பேர் அதற்கு ஆமாம் போட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குப் பதில் வரும் என்று விசில் அறிவித்திருந்தாள். இன்று வெள்ளி.

"ஏற்கெனவே மூணு எச்சரிக்கைம்மா. அப்பா நோட்டுல இருக்கு. புத்தகப்பைக்காரர் விஷயம் நாலாவது."

தையல்காரம்மா ஊசிகளைத் துப்பினாள். "அவளுக்கு இது ஒண்ணுதாண்டி இருக்கு."

"தெரியும்."

"நீக்கிட்டா காலையில அவ இருக்காளா இல்லையான்னு நான் எப்படித் தெரிஞ்சுக்குவேன்?"

அம்மா இதை வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. விசில் துண்டால் முகத்தைத் துடைப்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஒரு போன் பண்ணலாமேம்மா."

"பண்ணி? என்னன்னு ஆரம்பிக்கிறது?"

"'ஹலோ'ன்னு."

"போடி, குளிச்சிட்டு வா. நாறுது."

*

ஒன்பது மணிக்கு வீட்டுக்காரர் நோட்டுடன் வந்தார். கால்சட்டையில் மடிப்பு கலையாத மனிதர். தண்ணீர் அலுவலகத்தில் புகார்களுக்குப் பதில் எழுதும் பிரிவில் இருபத்தெட்டு வருடம் இருந்தவர். குழாயில் காற்றுகூட வராத தெருவிலிருந்து கொதித்துப்போய் எழுதுவார்கள். இவர் பதிலைப் படித்ததும் நன்றி சொல்லி மறு கடிதம் போடுவார்கள். தண்ணீர் வந்ததா என்று கேட்காதீர்கள். அந்தத் திறமையைப் பார்த்துத்தான் குழுவில் எச்சரிக்கை அனுப்பும் வேலையை மனைவி அவரிடம் கொடுத்திருந்தாள். அனுப்பியதும் நோட்டில் குறித்துவைப்பார். 'எச்சரிக்கப்பட்டார்' என்று சிவப்பு மையில்.

"மூணு பதிவு இருக்கு. தேதி, நேரம் எல்லாம் சரியா இருக்கு" என்றார் பெருமையாக.

"என்ன எழுதினீங்கப்பா? படிங்க."

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "'மதிப்பிற்குரிய நேர்தையல் அவர்களுக்கு, தங்களின் கூர்ந்த பார்வை நிர்வாகத்தை வியப்பில் ஆழ்த்துகிறது. தங்கள் கருத்து உரிய கவனத்துடன் படிக்கப்பட்டது. தங்களின் மேலான ஒத்துழைப்பைத் தொடர்ந்து எதிர்நோக்குகிறோம்.'"

விசில் காத்திருந்தாள். "அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"எச்சரிக்கை எங்கப்பா?"

"இதுதான் எச்சரிக்கை."

"இதுலயா?"

"'மேலான ஒத்துழைப்பு'ன்னா என்ன அர்த்தம்? வாயை மூடுன்னு அர்த்தம். ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும்."

"பெரியம்மா உங்க ஆபீஸ்ல வேலை பாக்கலையேப்பா!"

தையல்காரம்மா இயந்திரத்தின் மிதியிலிருந்து காலை எடுத்தாள். "அதுக்கு அவ என்ன பதில் போட்டா?"

"'நன்றி. என்னால் ஆனதைத் தொடர்ந்து செய்கிறேன்.'"

விசில் சிரிப்பை அடக்க விசிலையே கடித்துக்கொண்டாள். அவர் இரண்டாவதைப் படித்தார். சில உறுப்பினர்களின் மனம் மென்மையானது என்பது தாங்கள் அறியாததல்ல, தங்கள் அனுபவத்தின் நிழலில் அவர்களும் தழைப்பார்கள் என்று நம்புகிறோம் என்று போனது அது. அதற்கு நேர்தையலின் பதில்: 'இந்த வயதில் இப்படி ஒரு பாராட்டு வரும் என்று நினைக்கவில்லை. இன்னும் கவனமாகப் பார்க்கிறேன்.'

"கவனமா பாத்திருக்கா" என்றாள் தையல்காரம்மா. "அதுக்கப்புறம்தானே ஒரு நாளைக்கு நாலு பேரைக் கடிச்சா! நீங்கதானா உசுப்பேத்தி விட்டது?"

"மூணாவது கொஞ்சம் கடுமையா எழுதினேன்" என்றார் அவர், ஈனக்குரலில். "'தங்கள் பங்களிப்பின் மீது நிர்வாகம் சிறப்புக் கவனம் கொண்டுள்ளது.'"

"அடேங்கப்பா! நடுங்கிப்போயிருப்பாங்க" என்றாள் மகள்.

"அதுக்கு என்ன பதில் வந்துச்சு?"

அவர் நோட்டைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். பிறகு மறுபடி நோட்டைப் பார்த்தார்.

"படிங்களேன்."

"'சிறப்புக் கவனம் என்று நிர்வாகி அவர்களே சொல்லச் சொன்னார்களா? அப்படியானால் அவர்களுக்கும் என் நன்றி. அவர்கள் நலமா?'"

கடைக்கு வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"இது எப்போ வந்தது?"

"எட்டு மாசம் இருக்கும்."

"எட்டு மாசமா அவ கேட்ட கேள்விக்குப் பதில் போகலையா?"

"பதிலுக்குப் பதில் போடுறது எங்க பிரிவுல வழக்கமில்லம்மா. போட்டா அந்த ஃபைல் மூடவே மூடாது."

வேறு நாளாக இருந்தால் அளவுநாடா பறந்திருக்கும். இன்று தையல்காரம்மா அதைக் கழுத்திலிருந்து எடுத்தாள், விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், திரும்பச் சுற்றினாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் அவர் நோட்டை மூடி அதன்மேல் கையை வைத்துக்கொண்டார். திட்டுவாள் என்றுதான் எதிர்பார்த்தார். பாவம், திட்டினால் அவருக்குப் பதில் எழுதத் தெரியும்.

*

விசில்தான் பேசினாள். அவள் எழுந்து நின்று பேசினால் மைதானத்தில் இருபத்திரண்டு பேர் கேட்பார்கள். இங்கே இரண்டு பேர்தான்.

"நான் நடுவரான முதல் வருஷம் ஒரு பொண்ணை வெளியே அனுப்பினேன். மஞ்சள் கார்டுன்னா எச்சரிக்கை, அவளுக்கு அது ரெண்டாவதுன்னு. அவ அழுதுக்கிட்டே, 'முதல் கார்டு எப்போக்கா காட்டினீங்க?'ன்னு கேட்டா. யோசிச்சா, பாக்கெட்ல கை வெச்சிருக்கேன், என் சீட்டுல எழுதியிருக்கேன், கையைத் தூக்கவே இல்ல. அவளுக்கு மட்டுமில்ல, மைதானத்துல ஒருத்தருக்கும் தெரியாது. அந்த ஆட்டத்தையே திரும்ப ஆட வெச்சாங்க."

"அதனால?"

"காட்டாத கார்டு கார்டே இல்லம்மா. அப்பா நோட்டுல எத்தனை சிவப்பு மை இருந்தாலும் பெரியம்மாவுக்கு ஒரு எச்சரிக்கையும் போகல."

தையல்காரம்மாவுக்கு மூச்சு வந்தது. "அப்போ விட்டுடலாம்!"

"விடுறதா? பைக்காரர் படத்தை எடுத்துட்டுப் போயிட்டாரேம்மா. அந்தக் குழந்தை வரைஞ்ச பூவும் சேர்ந்து போச்சு. அதுக்கு முதல் எச்சரிக்கை. எச்சரிக்கைன்னு தெரியற மாதிரி."

"சரி. அப்பாவை..."

"அப்பா பேனாவைத் தொடக்கூடாது. நீ எழுது."

"நானா?"

"பொத்தானுக்கும் எழுதணும். அவருக்கும் முன்கூட்டி யாரும் சொல்லல. ஒரே தடவையில தூக்கினே. எந்தத் தேதின்னு பாத்தேன்."

தையல்காரம்மா இஸ்திரி மேசைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தேதி அவளுக்குத் தெரியாதா? அக்கா எழுதாத இரண்டாவது நாள். மூன்றாவது காற்சட்டை கருகி இருபதாவது நிமிடம்.

"அந்த மனுஷன் என்னதான் சொன்னாரு?" என்றார் வீட்டுக்காரர்.

"'கோழி கிண்டின மாதிரி இருக்கு'ன்னு சொன்னாரு" என்றாள் விசில்.

"அவ்வளவுதானா? உங்கக்கா சொன்னதுக்கு இது வாழ்த்து."

"தெரியுதுங்க" என்றாள் அவள். "அன்னைக்கு என் கையில யார் கிடைச்சிருந்தாலும் தூக்கியிருப்பேன்."

மதியம் வரை எழுதினாள். முதலில் எழுதியதில் நான்கு வருடக் கோபம் முழுக்க வந்துவிட்டது, கிழித்தாள். அடுத்ததில் அழுகை வந்துவிட்டது, அதையும் கிழித்தாள். மூன்றாவதில் 'தங்களின் மேலான' என்று கை தானாகப் போனதைக் கண்டு, இருபத்தெட்டு வருடம் ஒருவரோடு குடித்தனம் நடத்தினால் இப்படித்தான் ஆகும் என்று தலையில் அடித்துக்கொண்டாள். வாடிக்கையாளர் இரண்டு பேர் வந்து, கடை திறந்திருந்தும் ஆள் கவனிக்கவில்லை என்று திரும்பிப் போனார்கள். மூன்று மணிக்கு இது வந்தது:

'குழுவின் மூன்றாம் விதி: கேட்காதவரிடம் குறை சொல்லக் கூடாது. நீங்கள் எழுதிய வரி அந்த விதியை மீறியது. ஒருவருக்கு அது வலித்தது. இது எச்சரிக்கை. இது முதலாவது. அடுத்த முறை ஏழு நாள் எழுத முடியாது. இதற்கு முன் உங்களிடம் நாங்கள் நடந்துகொண்ட விதம் தெளிவாகவும் இல்லை, எல்லோருக்கும் ஒன்றாகவும் இல்லை. அது என் தவறு, பழையது எதுவும் கணக்கில் சேராது. இந்த முடிவு சரியில்லை என்று நினைத்தால் ஏழு நாளுக்குள் முறையிடலாம். - நிர்வாகி.'

விசில் இரண்டு முறை படித்தாள். "யாருக்கும் புரியும். அருமைம்மா. அனுப்பிடலாமா?"

"ஒரு வரி விட்டுப்போச்சு." தையல்காரம்மா குனிந்து, யாரும் எட்டிப் பார்க்காதபடி இடது கையால் மறைத்து, கீழே எழுதினாள். 'நான் நலமாக இருக்கிறேன். நீங்கள் நலமா?'

மகள் அதைப் படித்தாள்.

"இது இருந்தா பொத்தானுக்கும் இருக்கணும்மா. ஒரே குற்றம், ஒரே கடிதம்."

"அந்தாளை நான் எதுக்குடி நலம் விசாரிக்கணும்?"

"அப்போ எடுத்துடு."

தையல்காரம்மா மகளைப் பார்த்தாள். இந்தக் கறார் யாரிடமிருந்து வந்தது என்று வெளியில் தேட வேண்டியதில்லை. பெரியம்மாவின் மூக்கு, பெரியம்மாவின் நிற்கும் விதம், இப்போது வாயும்.

"சரி, கேட்டுத் தொலைக்கிறேன்."

ஐந்து மணிக்கு இரண்டு கடிதமும் போயின. யார் பெயரும் சொல்லாமல், நடந்த தவறையும் இனிமேல் நடக்கப்போவதையும் குழுவில் எல்லோருக்கும் தெரிய எழுதினாள் விசில். 'உறவா' என்ற கேள்விக்கும் 'ஆம்' என்று ஒரே சொல்லில் பதில் இருந்தது. பொத்தானுக்குக் கதவு திறந்தது.

ஐந்து எட்டுக்குப் பொத்தான் பதில் போட்டார். 'எச்சரிக்கை ஏற்கப்பட்டது. நலம்தான். ஏன் கேட்கிறீர்கள்? ஏதாவது தெரிந்து கேட்கிறீர்களா?'

வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். "இதுக்கு நான் ஒரு பதில்..."

"உட்காருங்க" என்றார்கள் அம்மாவும் மகளும்.

*

ஐந்தரை ஆயிற்று. ஐந்து நாற்பது ஆயிற்று. நேர்தையலிடமிருந்து ஒன்றும் இல்லை. தையல்காரம்மா ஒரு பித்தானை நான்கு முறை தைத்து நான்கு முறை பிரித்தாள். கோபித்துக்கொண்டு போய்விட்டாளோ? எச்சரிக்கை என்ற சொல்லை இவ்வளவு வெட்ட வெளிச்சமாகப் போட்டிருக்க வேண்டாமோ? கணவரின் தேன் தடவிய வரிகள் இப்போது அவ்வளவு மோசமாகத் தெரியவில்லை.

ஐந்து ஐம்பதுக்கு விசில் திரையை உற்றுப் பார்த்தாள். "அம்மா, புத்தகப்பை திரும்ப வந்திருக்கு."

பை இருந்தது, பூவும் இருந்தது. கீழே நேர்தையல்: 'நான் சொன்னது தவறு. மன்னிக்கவும். இந்தப் பூவைப் பார்க்காமல் தையலை மட்டும் பார்த்துவிட்டேன். விரும்பினால் மட்டும் கேளுங்கள், முடிச்சை எப்படி மறைப்பது என்று சொல்கிறேன்.' அதற்கு அந்த அப்பா, 'சொல்லுங்கம்மா' என்று எழுதியிருந்தார்.

தையல்காரம்மா முந்தானையோ கைக்குட்டையோ தேடவில்லை. தைத்துக்கொண்டிருந்த யாருடைய சட்டையிலோ கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னொண்ணும் வந்திருக்கு. முறையீடு."

முறையீட்டுப் படிவத்தை விசில் தன் நடுவர் சங்கத்துப் படிவத்தைப் பார்த்துத்தான் செய்திருந்தாள். 'விசாரணை எப்படி வேண்டும்: எழுத்தில், தொலைபேசியில், நேரில்' என்று அதில் ஒரு கேள்வி. ஊர் தெரியாத ஒன்பதாயிரம் பேரில் யார் நேரில் வரப்போகிறார்கள் என்று அதை அப்படியே விட்டுவிட்டாள்.

அவள் உரக்கப் படித்தாள்.

"'எச்சரிக்கை சரியானது. அதன் மேல் முறையீடு இல்லை. எச்சரிக்கை என்று எழுதியதற்கு நன்றி. எனக்குப் புரிகிற மாதிரி இந்த வீட்டிலிருந்து வந்த முதல் கடிதம் இதுதான். நலம். முழங்கால் மட்டும் கொஞ்சம். முறையீடு வேறு விஷயத்தில். நான்கு வருடத்துக்கு முன் நிர்வாகி என்னிடம் சொன்ன ஒரு வாக்கியம் எந்த விதியில் வருகிறது, அதற்கு என்ன தண்டனை என்று தெரிய வேண்டும். விசாரணை: நேரில். நாளைக் காலை ஆறு பத்துக்கு நான் எழுத மாட்டேன். பயப்பட வேண்டாம். பஸ்ஸில் இருப்பேன். அந்தக் கோட்டை எடுத்து வைக்கவும்.'"

தையல்காரம்மா எழுந்தாள். கடையின் பின்சுவரில், வெள்ளைத் துணி போர்த்தி, நான்கு வருடமாக ஒரே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்ததை இறக்கினாள். துணியை உருவினாள். கோட்டு அன்று போலவே இருந்தது. ஒருவரும் போடவில்லை, ஒரு தடவையும் துவைக்கவில்லை.

வலது கையின் மடிப்பைத் திருப்பினாள்.

பிரிந்திருந்தது. இரண்டு விரல் நீளத்துக்கு, தானாகவே.

அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அந்த நிறத்து நூலைத் தேடி எடுத்து, ஊசியில் கோத்து, விளக்கடியில் உட்கார்ந்தாள்.

"அம்மா" என்றாள் விசில் மெல்ல. "விசாரணைக்கு முன்னாடி சாட்சியைத் தொடக்கூடாது."

ஊசி துணிக்கு ஒரு நூலிழைத் தூரத்தில் நின்றது.